எஃப்பிஜிஏ டூல் லைசன்ஸ் வாங்கப் போறீங்களா, எங்க கதையைக் கேட்டுட்டுப் போங்க

கோயம்புத்தூர்ல நாங்க நாலு பேர் சேர்ந்து நடத்துற சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனில போன வருஷம் நடந்தது இது. வித்தவங்க பேரைப் போடல, வக்கீல் நோட்டீஸ் வந்தா தாங்குற அளவுக்கு எங்ககிட்ட தெம்பு இல்ல. ஆனா இதே குழில இன்னொருத்தர் விழக்கூடாதுன்னுதான் எழுதுறேன்.

திருப்பூர்ல நிட்டிங் மெஷின்ல துணி ஓடும்போதே ஓட்டை விழுந்தா கேமரா வச்சுக் கண்டுபிடிச்சு மெஷினை நிறுத்துற ஒரு போர்டு பண்ணிட்டிருந்தோம். கேமரா டேட்டாவை எஃப்பிஜிஏ வாங்கி ஈதர்நெட் வழியா பிசிக்கு அனுப்பணும். எஃப்பிஜிஏன்னா உள்ள என்ன சர்க்யூட் இருக்கணும்னு நாமளே எழுதி ஏத்திக்கிற சிப். நாம வெரிலாக்ங்கிற மொழில எழுதுறதை சிப் கம்பெனியோட டூல்தான் சிப்புல ஏத்துற பிட்ஸ்ட்ரீம் ஃபைலா மாத்திக் குடுக்கும், அந்த பிட்ஸ்ட்ரீம்ல எந்த பிட்டுக்கு என்ன அர்த்தம்னு பெரும்பாலான கம்பெனிங்க வெளிய சொல்றதே இல்ல. சாஃப்ட்வேர்காரங்களுக்கு ஜிசிசின்னு ஓப்பன் சோர்ஸ் கம்பைலர் இருக்கு, பெரும்பாலான ப்ராசஸருக்கு கம்பைல் பண்ணிக்கலாம். இங்க சிப்பை விக்கிறவங்ககிட்டயேதான் சாவியும் இருக்கு.

சேல்ஸ்ல வந்தவர் ரொம்ப மரியாதையாத்தான் பேசினார். ஈதர்நெட் கோர், அதாவது ஈதர்நெட் வேலையைப் பாக்குற ரெடிமேட் சர்க்யூட், தனியா வாங்கணுமான்னு நான் ரெண்டு தடவை கேட்டேன், "எல்லாம் பேக்கேஜ்லயே வருது சார், கவலையே படாதீங்க"ன்னார். அதை மெயில்ல எழுதி வாங்காம விட்டது என் தப்பு. டூல் லைசன்ஸுக்கு மட்டும் ரெண்டே முக்கால் லட்சம் கட்டினோம். ஆபீஸ்ல ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்னு ஓட்டிப் பாத்து எல்லாம் சரியா வருதுன்னு போர்டைக் கொண்டுபோய் மாட்டிட்டு வந்துட்டோம்.

மூணாவது நாள் மில்லுல இருந்து போன். "தம்பி, காலைல நல்லாத்தான் ஓடுதுங்க, மத்தியானம் ஆனா கேமரா படம் நின்னு போயிருது, ஆஃப் பண்ணி போட்டா மறுபடி ஓடுது." பஞ்சுத் தூசி, சூடு, இதுலதான் ஏதோன்னு நினைச்சோம். ஃபேன் மாட்டினோம், பவர் சப்ளை மாத்தினோம், கேபிள் மாத்தினோம், எர்த்திங் செக் பண்ணினோம். பதினோரு நாள் திருப்பூருக்கும் கோவைக்கும் பஸ்ல அலைஞ்சோம், அதுக்குள்ள ஓட்டை விழுந்த துணி ரோல் ரோலா ஓடிப்போச்சு, அந்த மில்லுக்காரர் ஒரு வார்த்தை கோபமா பேசல, அதுதான் எனக்கு இன்னும் மனசுல உறுத்துது.

பன்னெண்டாவது நாள் ராத்திரி எங்க ஜூனியர் பையன் டூலோட லாக் ஃபைலை முதல்ல இருந்து வரி வரியா படிச்சான். நாலாயிரம் வரிக்கு மேல, பாதி வார்னிங், எல்லாமே தேவையில்லாத வார்னிங், அதுக்கு நடுவுல மத்த வரிங்க மாதிரியே ஒரு வரி: ஈதர்நெட் கோர் எவாலுவேஷன் (சும்மா ட்ரை பண்ணிப் பாக்குற) லைசன்ஸ்ல இருக்கு, ஹார்ட்வேர்ல குறிப்பிட்ட நேரத்துக்கு அப்புறம் வேலை செய்யாது. "அண்ணா, இத பாருங்க"ன்னு ஸ்க்ரீன்ல விரல் வச்சு காட்டினான். சிப்புக்குள்ளயே ஒரு டைமரை வச்சிருக்காங்க, பவர் வந்ததுல இருந்து எண்ணிட்டே இருந்து சில மணி நேரத்துல கோரை நிறுத்திடும். கோர் என்க்ரிப்ட் பண்ணி வர்றதால நம்மால உள்ள பாக்கவும் முடியாது. எவாலுவேஷன் கோர்ல இப்படி டைமர் வைக்கிறது இந்தத் தொழில்ல சகஜம்தான், அதுல எனக்கு சண்டை இல்ல. பேக்கேஜ்ல வருதுன்னு சொல்லி வித்ததுதான் ஏமாத்து.

போன் பண்ணினா முழு லைசன்ஸுக்கு இன்னும் நாலு லட்சத்துக்கு மேல கொட்டேஷன் வந்துச்சு. நடுவுல லேப்டாப் மதர்போர்டு வேற போயிடுச்சு. லைசன்ஸ் அதோட மேக் அட்ரஸுக்கு, அதாவது நெட்வொர்க் அடையாள நம்பருக்குக் கட்டி வச்சது, புது மதர்போர்டுக்கு மாத்தித் தாங்கன்னா வருஷ மெயின்டெனன்ஸ் கட்டினாத்தான் முடியும்னுட்டாங்க, அதுவரைக்கும் நாங்க எழுதின எங்க கோடையே எங்களால கம்பைல் பண்ண முடியல. சப்போர்ட் டிக்கெட்ல எங்க ஜூனியர் பையன் நேர்மையா, எங்க மாட்யூலை யோசிஸ் வச்சும் செக் பண்ணினோம், எங்க பக்கம் தப்பு இல்லன்னு எழுதினான். யோசிஸ், வெரிலாக் கோடை சர்க்யூட்டா மாத்துற ஓப்பன் சோர்ஸ் டூல். ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு, வெளி டூல் யூஸ் பண்ற ஃப்ளோவுக்கு சப்போர்ட் கிடையாதாம், டிக்கெட் க்ளோஸ்.

சிப் கம்பெனிக்கும் வெளி டூலுக்கும் நடுவுல இந்த இழுபறி இன்னிக்கு நேத்து ஆரம்பிச்சது இல்லைங்க. தொண்ணூறுகள்லயே நியோகேட்னு ஒரு கம்பெனி வெளில இருந்து எஃப்பிஜிஏ டூல் பண்ணி வித்துட்டிருந்துச்சு, 1995ல எஃப்பிஜிஏ சிப் விக்கிற ஜைலிங்ஸ் அந்தக் கம்பெனியையே வாங்கிடுச்சு. அப்புறம் 2015ல கிளேர் உல்ஃபும் கூட இருந்தவங்களும் ஐஸ்ஸ்டார்ம் ப்ராஜெக்டை வெளியிட்டாங்க, லேட்டிஸ்ங்கிற சிப் கம்பெனியோட ஐஸ்40 சிப்புக்கு பிட்ஸ்ட்ரீம்ல எது எதுன்னு டாக்குமென்ட் பண்ணி. எப்படின்னா, சின்ன டிசைன்ல ஒரே ஒரு விஷயத்தை மாத்தி கம்பெனி டூல்லயே கம்பைல் பண்ணுவாங்க, வர்ற ஃபைல்ல எந்த பிட் மாறிச்சுன்னு பாப்பாங்க, அதையே ஆயிரக்கணக்கான தடவை. அதே வழில ட்ரெல்லிஸ் ப்ராஜெக்ட் லேட்டிஸோட இன்னொரு சிப்பான ஈசிபி5ஐத் திறந்துச்சு. 2020ல லேட்டிஸோட லைசன்ஸ்ல பிட்ஸ்ட்ரீமை ரிவர்ஸ் இன்ஜினியரிங் பண்ணக்கூடாதுன்னு ஒரு விதி இருக்குறதை டெவலப்பர்ங்க கண்டுபிடிச்சு குரல் குடுத்தாங்க, கம்பெனியும் அந்த விதியை எடுத்துட்டாங்க. இது ரொம்ப பேருக்குத் தெரியாது, கேட்டா மாறுறாங்கங்கிறதுக்காகவே சொல்றேன்.

நாங்க கடைசில பழைய சிப்பை விட்டுட்டு ஈசிபி5க்கு மாறினோம். எல்ஈடி வால் டிஸ்ப்ளேக்கு போடுற கலர்லைட் 5ஏ-75பி கார்டுல ஈசிபி5 சிப்பும் ரெண்டு கிகாபிட் ஈதர்நெட் போர்ட்டும் இருக்கு, அதுல சிப்போட எந்தக் கால் (பின்) எங்க போகுதுன்னு யாரோ முகம் தெரியாதவங்க ட்ரேஸ் பண்ணி எழுதி வச்சிருக்காங்க. அதுல லைட்ஈத்ங்கிற ஓப்பன் சோர்ஸ் ஈதர்நெட் கோர், யோசிஸ், அந்த சர்க்யூட்டை சிப்புக்குள்ள எங்க வைக்கணும்னு பாத்துக்கிற நெக்ஸ்ட்பிஎன்ஆர் வச்சு கம்பைல் பண்ணினோம், 125 மெகாஹெர்ட்ஸ் வேகத்துல சர்க்யூட் ஓடும்னு டைமிங் செக்கும் பாஸ் ஆச்சு. சுலபமா ஆகல, ஆறு வாரம் ஆச்சு, எரர் மெசேஜ் சிலது புரியவே புரியாது, பெரிய புது சிப்புங்க நிறையத்துக்கு இந்த டூல்ல இன்னும் சப்போர்ட்டும் இல்ல. ஆனா கோர் ஏன் நின்னுச்சுன்னு சந்தேகம் வந்தா சோர்ஸைத் திறந்து நாமளே பாத்துக்கலாம்.

வாங்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கோர் பேரையும் போட்டு, இது முழு லைசன்ஸா எவாலுவேஷனான்னு மெயில்லயே பதில் வாங்குங்க, வாய் வார்த்தையை நம்பாதீங்க. லேப்டாப் போனா லைசன்ஸை மாத்தித் தருவாங்களா, அதுக்கு எவ்ளோன்னும் அதே மெயில்ல கேளுங்க. டெமோவை ஒரு மணி நேரத்துல முடிச்சுக்காதீங்க, ரெண்டு நாள் ஆஃப் பண்ணாம ஓட விடுங்க, லாக்ல எவாலுவேஷன்னு ஒரு தடவை தேடிப் பாருங்க. சிப்பை செலக்ட் பண்றப்பவே அதுக்கு ஓப்பன் டூல் இருக்கான்னும் பாத்துக்குங்க, இன்னிக்கு யூஸ் பண்ணாட்டியும் பரவால்ல.

கட்டின பணத்துல ஒரு ரூபா கூட இன்னும் திரும்பி வரல, மெயில் போட்டுட்டேதான் இருக்கேன். திருப்பூர்ல புது போர்டு நாலு மாசமா ஓடிட்டிருக்கு. எந்த சிக்னல் எந்தக் காலுக்குன்னு சொல்ற எங்க பின் கன்ஸ்ட்ரெயின்ட் ஃபைலும் பில்ட் ஸ்க்ரிப்டும் யாருக்கு வேணும்னாலும் கேளுங்க, அனுப்பி வைக்கிறேன்.