திருட்டுக்குப் பிறகு அலாரப் பெட்டியைக் கழற்ற விடாதீர்கள்

எங்கள் வீட்டில் திருடர்கள் புகுந்தபோது அலாரம் ஒலிக்கவில்லை. மாதந்தோறும் கட்டணம் வாங்கும் கண்காணிப்பு மையத்திலிருந்து ஓர் அழைப்பும் வரவில்லை. அதன் பிறகு அலாரம் நிறுவனம் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

புகார் கொடுத்ததும் பழுது பார்ப்பதாக ஒரு பணியாளர் வந்தார். சுவரிலிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டு, பழையதைக் கையோடு கொண்டுபோனார். ரசீது கேட்டதற்கு அலுவலகத்தில் தருவார்கள் என்றார், தரவில்லை. பின்னர் ஒரு கடிதம் வந்தது. சம்பவத்தின்போது அலாரம் இயக்கத்தில் இல்லையாம், ஆகவே அவர்களுக்குப் பொறுப்பு இல்லையாம். புறப்படும்போது நான் குறியீட்டை அழுத்தித்தான் பூட்டினேன். அதற்கான சான்றோ அவர்கள் எடுத்துப்போன பெட்டிக்குள் இருந்தது.

அலாரம் எப்போது, எந்தக் குறியீட்டால் இயக்கப்பட்டது, எந்தச் சென்சார் தூண்டப்பட்டது, மின்சாரம் எப்போது போனது, பேட்டரி எப்போது தளர்ந்தது என்பதெல்லாம் அந்தப் பெட்டியின் நினைவகத்தில் நேரத்துடன் பதிவாகும். அந்த நினைவகம் சிறியது. புதிய பதிவுகள் சேரச் சேரப் பழையவை அழியும். சோதிக்கிறோம் என்று திரும்பத் திரும்ப இயக்கினாலே திருட்டு நடந்த இரவின் பதிவு போய்விடலாம். முறையான நிறுவனம் எதையும் தொடுவதற்கு முன் அதைப் பிரதி எடுத்து, ஒன்றை வாடிக்கையாளரிடம் கொடுக்க வேண்டும். ஆய்வையும் அலாரத்தைப் பொருத்திய அதே ஆளிடம் விடக்கூடாது. தன் வேலையில் குறை இருந்ததாக அவரே எழுதித் தருவாரா?

கண்காணிப்பு மையத்தில் தனியாக இன்னொரு பதிவு இருக்கும். இணைப்பு உயிரோடு இருப்பதைக் காட்ட, பெட்டி குறித்த இடைவெளியில் மையத்துக்குச் சோதனைச் சமிக்ஞை அனுப்பும். பல அமைப்புகளில் நாளுக்கு ஒரு முறை. விடாமல் கேட்ட பிறகே அந்தப் பதிவு எனக்குக் கிடைத்தது. திருட்டுக்கு வெகு முன்பே எங்கள் பெட்டியின் சமிக்ஞை நின்றுபோயிருந்தது! கட்டணத்தை மட்டும் தவறாமல் வாங்கினார்கள். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதற்குப் பெயர் அலட்சியம்.

இதைக் காட்டியதும் ஒப்பந்தத்தின் பொறுப்பு வரம்பு விதியை, அதாவது இழப்புக்கு நிறுவனம் ஏற்கும் பொறுப்பைக் கட்டுப்படுத்தும் விதியை, நீட்டினார்கள். அலாரம் நிறுவனம் காப்பீட்டு நிறுவனம் அல்ல என்பது நியாயமான வாதம்தான். ஆனால் அந்த விதி எல்லாவற்றையும் மூடிவிடாது. 1992-இல் நியூயார்க் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், தீ அலாரக் கண்காணிப்பு தொடர்பான வழக்கில், கடுமையான அலட்சியம் நிரூபிக்கப்பட்டால் இத்தகைய விதி நிறுவனத்தைக் காப்பாற்றாது என்று கூறியது. சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் உங்கள் ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். புகார் தெரிவிக்கக் காலக்கெடு இருக்கிறதா என்பதையும் உடனே பாருங்கள்.

திருட்டு நடந்தால் காவல்துறைக்கு அடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் ஆள் பார்த்து முடிக்கும் வரை பெட்டி சுவரிலேயே இருக்கட்டும். பதிவுகளை அழிக்கக்கூடாது என்று அலாரம் நிறுவனத்துக்கு அன்றே எழுத்தில் அனுப்புங்கள். பணியாளர் நீட்டும் தாளில் ‘அமைப்பு சரியாக இயங்குகிறது’ என்ற வரி இருந்தால், அதை அடித்துவிட்டு, பெட்டி கழற்றப்பட்டதையும் அதன் வரிசை எண்ணையும் எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள்.