படகு கவிழ்ந்தால் யார் பதில் சொல்வது: கிரிமினல் வழக்கா, விசாரணை ஆணையமா?

2009 செப்டம்பர் 30 அன்று கேரளத்தின் தேக்கடியில் ஜலகன்யகா என்ற படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அது அரசுச் சுற்றுலாக் கழகத்தின் படகு. 2023 மே 7 அன்று அதே மாநிலத்தின் தானூரில் 22 பேர், அது தனியார் படகு. இரண்டுக்கும் நீதிபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள்.

ஆணையத்தின் பலம், அது ஓட்டுநரோடு நிற்காது. படகின் வடிவமைப்பு, உரிமம், ஆய்வு என்று எல்லாக் கோப்பையும் கேட்டு வாங்கலாம். ஆனால் 1952-ஆம் ஆண்டு விசாரணை ஆணையங்கள் சட்டப்படி அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது. அறிக்கையையும் எடுத்த நடவடிக்கையையும் 6 மாதத்துக்குள் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, வழக்கு? பெரும்பாலும் உரிமையாளரும் ஓட்டுநரும்தான் மாட்டுவார்கள். கையெழுத்துப் போட்ட அதிகாரி, பணியின்போது செய்தது என்று சொல்லி, அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்கு நடத்த முடியாது என்பார். ஆனால் தானூரில் மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றிக் கட்டியதற்குத் துணைபோனதாகத் துறைமுக அதிகாரிகள் இருவரும் கைதானார்கள், அது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது, ஏனென்றால் அதன் பிறகு சான்றிதழில் கையெழுத்துப் போடும் எவரும் ஒருமுறையாவது படகில் ஏறிப் பார்ப்பார்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் வழக்கைத்தான் சொல்வேன், அதிகாரியையும் சேர்த்த வழக்கு. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 120 நாளுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும், அதனால் கோப்பை முடக்கி வைப்பதும் முன்புபோல் எளிதல்ல.