பூச்சிக்கொல்லி கலந்த நீர்: ஃபென்டன் முறையா, ஓசோனா?

நீரில் கலந்த பூச்சிக்கொல்லியை வேதிவினையால் உடைக்கும் ஃபென்டன் முறைக்குப் பெரிய கருவி வேண்டாம். நீரின் பிஎச் அளவை 3-க்கு அருகே இறக்கி, வெளிர்பச்சை இரும்பு சல்பேட்டைக் கரைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடை மெல்ல ஊற்ற வேண்டும். நீர் மஞ்சளாகி, நுரைத்து, சூடேறும். அங்கே பிறக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற தீவிர வினைத்துகள் எதிர்ப்படும் கரிமச் சேர்மங்களில் பெரும்பாலானவற்றைத் தாக்கும். அப்புறம் காரம் சேர்த்தால் துருநிறச் சேறு படியும். அதை எங்கே கொண்டுபோவது என்பதுதான் தலைவலி.

ஓசோன் வாயுவை நீரில் செலுத்தும் முறையில் சேறும் இல்லை, அமிலமும் வேண்டாம். ஆனால் சேமித்து வைக்க முடியாது. மின்சாரம் செலவழித்து அந்த இடத்திலேயே தயாரிக்க வேண்டும். ஆளைப் பார்த்துத்தான் தாக்கும் என்பது இன்னொரு குறை. இரட்டைப் பிணைப்புள்ள மூலக்கூறுகள் பலவற்றைச் சட்டென்று உடைக்கும், அட்ரசின் என்ற களைக்கொல்லியிடம் திணறும். பெராக்சைடு சேர்த்தால் வேகம் கூடும். நீரில் புரோமைடு உப்பு இருந்தால் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய புரோமேட் உருவாகலாம். குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்.

சரி, இரண்டிலும் நான் அதிகம் அஞ்சுவது பாதியில் நிறுத்துவதைத்தான். குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லியில் பாஸ்பரஸோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கந்தகத்தின் இடத்தில் ஆக்சிஜன் ஏறினால் வருவது ஆக்சான். தாய்ப்பொருளை விடக் கொடிய நஞ்சு. மருந்து மறைந்துவிட்டது என்ற ஒரே சோதனை முடிவை நம்பி நீரைத் திறந்துவிடக் கூடாது. எஞ்சிய கரிமப் பொருளைக் காட்டும் மொத்தக் கரிமக் கார்பனையும் நச்சுத்தன்மையையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

தெளிப்பான் கழுவிய நீர்போல அளவில் குறைந்த, அடர்த்தியான கழிவுக்கு நான் ஃபென்டனைத்தான் எடுப்பேன். ஓயாமல் ஓடும் குடிநீருக்கு ஓசோன், அதன் பின்னால் மிச்சத்தை உறிஞ்ச ஒரு கரிப்படுகை.