ஏசி விசிறி நின்றால்: மூலக்கடையா, புதுப்பேட்டையா, புது மோட்டாரா?

பழைய காரின் கையேட்டில் ‘ஹீட்டர் ஃபேன்’ என்று படம் போட்டிருக்கும் பாகம்தான் நமக்கு ஏசி காற்றையும் தள்ளுகிறது. வடசென்னை வெயிலில் ஹீட்டருக்கு என்ன வேலை? மழை நாளில் கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்கவும், போக்குவரத்து நெரிசலில் இன்ஜின் சூடேறித் தவிக்கும்போது அந்த வெப்பத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்துவிடவும் உதவும், அவ்வளவுதான். ஆனால் அந்த விசிறியைச் சுற்றும் ப்ளோயர் மோட்டார் படுத்துவிட்டால் ஏசியும் படுத்துவிடும். கம்ப்ரஸர் ஓடினாலும் காற்று வராது. கூலிங் காயிலில் பனி கட்டிக்கொள்ளும்.

மாருதி 800, ஜென், பழைய சான்ட்ரோ போன்ற கார்களை இன்னும் ஓட்டுபவர்கள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன: உள்ள மோட்டாரையே பிரித்துச் சரிசெய்வது, பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழையது வாங்குவது, டூப்ளிகேட் புதிது, கம்பெனி புதிது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டாரில் சிக்கனம் பார்க்கலாம்; விசிறியின் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரிலும் வயரிலும் பார்க்கக் கூடாது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எதற்கும் முன்னால், போனது மோட்டார்தானா என்று பார்க்க வேண்டும். மூன்று வேகங்கள் செத்து, கடைசி வேகம் மட்டும் வேலை செய்கிறதென்றால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது, ரெசிஸ்டர்தான் போயிருக்கிறது. கடைசி வேகத்துக்கு மின்சாரம் ரெசிஸ்டரைத் தொடாமல் நேராகப் போகும். எல்லா வேகமும் செத்திருந்தால் ஃபியூஸ், ரிலே, எர்த் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, குளோவ் பாக்ஸுக்கு அடியில் கைவிட்டு மோட்டார் கூட்டை லேசாகத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் சுற்றினால், சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கீச்சென்ற சத்தம் வந்தால் தண்டைத் தாங்கும் புஷ் வறண்டிருக்கிறது. படபடவென்று அடித்தால் கண்ணாடிக்குக் கீழுள்ள துவாரம் வழியாக வேப்பிலைக் காம்போ, எலி சேர்த்த பஞ்சோ உள்ளே போயிருக்கும். அதற்குச் செலவே இல்லை.

இனி வழிகளை ஒன்றுக்கு ஒன்று நிறுத்திப் பார்க்கலாம்.

பிரித்துச் சரிசெய்யும் விஷயத்தில் சென்னையின் மற்ற பகுதிகளுக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது. துறைமுகம், மணலி, மாதவரம் லாரி நிறுத்தம் என்று இந்தப் பக்கம் முழுக்கக் கனரக வாகனங்கள்தாம். அவற்றை நம்பிப் பிழைக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் மூலக்கடைப் பக்கமும் வியாசர்பாடியிலும் டைனமோவையும் செல்ஃப் மோட்டாரையும் தினமும் பிரித்து மாட்டுகிறார்கள். ப்ளோயர் மோட்டார் அவர்களுக்குச் சின்ன வேலை. மடித்துவிட்ட தகரக் காதுகளை நெம்பித் திறந்து, கம்பி சுற்றிய ஆர்மேச்சரை உருவி, பிரஷ் உரசும் காமுடேட்டரின் செம்புப் பட்டைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, புது பிரஷை அதன் செம்புப் பின்னலோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுவார்கள்.

இதில் மூன்று இடங்களில் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும். செல்ஃப் மோட்டார் பிரஷை ராவி உள்ளே திணிக்க விடாதீர்கள். அதில் செம்பு அதிகம். சில நொடிகள் மட்டும் பெரும் மின்சாரம் எடுத்து ஓடும் வேலைக்கானது அது. மணிக்கணக்கில் ஓடும் ப்ளோயரில் அதைப் போட்டால் காமுடேட்டரைத் தின்றுவிடும். அடுத்தது புஷ். அது எண்ணெயைத் துளைகளில் உறிஞ்சி வைத்திருக்கும் வெண்கல வகை; வெதுவெதுப்பான எண்ணெயில் ஊறவைத்தால் மீண்டும் உயிர் பெறும். துருநீக்கி ஸ்ப்ரே அடித்தால் அன்றைக்குச் சத்தம் நின்றுவிடும். ஆனால் மிச்சமிருந்த எண்ணெயையும் அது கழுவிக்கொண்டு போய்விடுவதால் சத்தம் சீக்கிரமே இரட்டிப்பாகத் திரும்பும். கடைசியாக, சோதிக்க எடுக்கும் பேட்டரி. லாரிகளுக்கு 24 வோல்ட், நம் காருக்கு 12. “அண்ணே, இது கார் மோட்டார்” என்று ஒரு வார்த்தை சொல்லி வைப்பதில் யாருக்கும் மனவருத்தம் வராது.

காமுடேட்டர் பட்டைகள் பள்ளமாகத் தேய்ந்திருந்தாலோ, ஆர்மேச்சர் கருகி வாடை அடித்தாலோ இந்த வழி முடிந்தது. சுற்றுக்கம்பி மாற்றித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். இவ்வளவு சின்ன மோட்டாருக்கு அந்தக் கூலி கட்டுப்படியாகாது.

அப்போது கண் புதுப்பேட்டைக்குப் போகும். மாருதி 800-உம் அம்பாசடரும் 2014-இல் உற்பத்தி நிறுத்தப்பட்டவை. இப்படிப்பட்ட கார்களுக்குக் கிடைக்காத சாமான் கூவம் கரையோரத்து அந்தச் சந்துகளில் கிடைக்கும் என்பது உண்மைதான். விலையும் குறைவு. ஆனால் ப்ளோயர் மோட்டார் பயணியின் காலடியில், மிகத் தாழ்வான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இந்த ஊரில் எத்தனை கார்கள் இருக்கை மட்டத்துக்கு மூழ்கின என்பதை வடசென்னைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி மூழ்கிய வண்டியிலிருந்து வந்த மோட்டாரும் துடைத்து வைத்தால் பளபளவென்றுதான் இருக்கும். தண்டு உள்ளே நுழையும் இடத்தைப் பாருங்கள். அங்கே செம்பழுப்பு வளையமோ, விசிறிக் கூண்டின் இடுக்கில் காய்ந்த வண்டலோ இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பேட்டரியில் கொடுத்துச் சுற்றவிட்டு, சுற்றும் திசையையும் கவனியுங்கள். வேறு மாடலின் மோட்டார் திருகுத் துளைகளில் கச்சிதமாகப் பொருந்தி, எதிர்த்திசையில் சுற்றும். சத்தம் இருக்கும், காற்று இருக்காது.

நேர்மையாகச் சொன்னால், பழைய மோட்டாரும் ஒரு நாள் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். அந்த வேலையை நம் மோட்டாரிலேயே செய்யலாமே? உடைந்துபோன விசிறிக் கூண்டுக்கும் பிளாஸ்டிக் கூட்டுக்கும் மட்டும் நான் புதுப்பேட்டை போவேன்.

புதிது என்று வரும்போது விலை மாடலுக்கு மாடல் மாறினாலும் வரிசை மாறுவதில்லை: டூப்ளிகேட் கீழே, கம்பெனி சரக்கு மேலே. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். கூண்டை விரலால் சுண்டிவிட்டால் நல்லது ஒரே சீராகச் சுற்றி மெதுவாக நிற்கும், மட்டமானது தள்ளாடும். மோட்டாரைப் பொறுத்தவரை, தள்ளாடாத டூப்ளிகேட் போதும். பழைய சிறிய கார்கள் பலவற்றில் கேபின் ஃபில்டரே கிடையாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் கிளப்பும் புழுதியும், அனல்மின் நிலையச் சாம்பலும், கடல் உப்பும் நேராக உள்ளே போகின்றன. (சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதை 2011-இல் உயர் நீதிமன்றம் நிறுத்தியதும் அந்தச் சரக்கு எண்ணூருக்குப் போனது, கரித்தூளும் ராயபுரத்திலிருந்து வடக்கே நகர்ந்தது.) இந்தக் காற்றில் எந்த மோட்டாரும் நெடுநாள் புதிதாக இருக்காது.

ரெசிஸ்டரில் மட்டும் கம்பெனி சரக்குக்கு மாற்று இல்லை. சூடு எல்லை மீறினால் தானே அறுந்துபோகும் ஃபியூஸ் பல ரெசிஸ்டர்களில் உள்ளேயே இருக்கிறது. மலிவுச் சரக்கில் அது வெறும் கம்பியாக இருக்கக்கூடும். அறுந்துபோனதைக் கம்பி வைத்து ஒட்டித் தரும் ‘ரிப்பேரும்’ நடக்கிறது. இறுகிய புஷ் கொண்ட மோட்டார் ஒன்றரை மடங்கு மின்சாரம் இழுத்தால் ரெசிஸ்டரில் பிறக்கும் சூடு இரண்டேகால் மடங்கு. அதைக் குளிர்விக்க வேண்டிய காற்றோ விசிறி மெதுவானதால் குறைந்திருக்கும். முதலில் வயரை இணைக்கும் கப்ளர் பழுப்பேறும், பிறகு உருகும். ஆகவே புது ரெசிஸ்டர் போட்டும் சில மாதங்களில் மறுபடி போனால், குற்றவாளி ரெசிஸ்டர் அல்ல, மோட்டார். உருகிய கப்ளரை வெட்டிவிட்டுப் புதிது போடாமல், வயரை முறுக்கி டேப் சுற்றுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ரெசிஸ்டரையே கழற்றி எறிந்துவிட்டு ‘டைரக்ட்’ கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனையும் வரும். எப்போதும் முழு வேகம், எப்போதும் இரைச்சல். அதோடு ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அளவைக் கூட்டிப் போட்டால் எரிவது வயராக இருக்கும். வீடு வந்து சேரும்வரை மட்டும் சரி.

வண்டியை இன்னும் சில வருடங்கள் வைத்திருப்பவர் மூலக்கடையில் பிரஷும் புஷ்ஷும் மாற்றி, கம்பெனி ரெசிஸ்டர் ஒன்றும் புது கப்ளரும் போட்டுக்கொள்ளட்டும். அடுத்த தீபாவளிக்குள் விற்கப்போகிறவருக்கு நல்ல டூப்ளிகேட் மோட்டாரே போதும். பிரித்த வேலைக்கான கூலி விற்பனை விலையில் திரும்ப வராது.