ஆடிட்டர் ஆபீஸில் புதுச் சேவை: கான்ட் சார்ட்டா, ஸ்பிரிண்டா, பலகையா?

நாலைந்து பேர் உள்ள எங்கள் ஆடிட்டர் ஆபீஸ், சிறு நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுத் தரும் சேவையைப் புதிதாகத் தொடங்குகிறது. அதற்கென்று தனி ஆள் கிடையாது. டிடிஎஸ் (பிடித்த வருமான வரி) கட்ட 7-ம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவர ரிட்டர்னுக்கு 11, பி.எஃப்., இ.எஸ்.ஐ.க்கு 15, 3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு 20 என்று மாதத்தின் முதல் இருபது நாள் ஏற்கெனவே போய்விடுகிறது. மிச்சமுள்ள பத்து நாளில்தான் புது வேலை நகரும். அதைத் திட்டமிட எது ஒத்துவரும்: வேலைகளைத் தேதிவாரியாகப் பட்டைகளாகக் காட்டும் கான்ட் சார்ட்டா, குறித்த கால அளவுக்குள் வேலையை முடிக்கும் ஸ்பிரிண்டா, வேலைகளை அட்டைகளில் எழுதிப் பத்தி பத்தியாக நகர்த்தும் கன்பான் பலகையா?

இரண்டு வார ஸ்பிரிண்ட் இங்கே எடுபடாது. முதல் ஸ்பிரிண்ட் ரிட்டர்னிலேயே கரைந்துவிடும். ஸ்பிரிண்ட் முறையை வகுக்கும் ஸ்க்ரம் வழிகாட்டி ஒரு மாத ஸ்பிரிண்டின் திட்டக் கூட்டத்துக்கு மட்டும் 8 மணி நேரம் வரை தருகிறது. முழுநேரமும் ஒரே வேலையில் இருக்கும் மென்பொருள் குழுவுக்கு அது சரி.

ஆக, போட்டி கான்ட் சார்ட்டுக்கும் கன்பான் பலகைக்கும்தான். நாங்கள் எடுத்தது பலகை. காரணம் ஒன்றே: பராமரிப்பு. எக்செலில் முப்பது வரி கான்ட் சார்ட்டைப் போட அரை நாள் போதும். அதை உயிரோடு வைத்திருப்பதுதான் பாடு. வாடிக்கையாளர் ஊழியர்களின் யூஏஎன் (பி.எஃப். உறுப்பினர்) எண்களை ஒரு வாரம் தாமதமாக அனுப்பினால், இசிஆர் (மாத பி.எஃப். ரிட்டர்ன்) கோப்புச் சோதனை, சம்பள ஒத்திகை, கட்டண ஒப்பந்தம் எல்லாம் தள்ளிப்போகும். தேதிகளை ஃபார்முலாவில் கோக்காமல் கையால் அடித்திருந்தால் ஒவ்வொரு வரியையும் திருத்த வேண்டும். 20-ம் தேதி நெருக்கடியில் யார் அதைச் செய்வார்கள்? இரண்டு முறை திருத்தாமல் விட்டால் சார்ட் பொய் சொல்ல ஆரம்பிக்கும். அப்புறம் யாரும் திறக்க மாட்டார்கள்.

பலகையில் தாமதமான அட்டை இருந்த இடத்திலேயே நிற்கும், மற்றவை கெடாது. திங்கள் காலை பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். ஆனால் ஒரே நேரத்தில் எத்தனை அட்டை கையில் இருக்கலாம் என்ற வரம்பு இல்லாத பலகை வெறும் சுவர் அலங்காரம். வாரத்துக்கு 3 அட்டை முடிக்கும் குழு, 9 அட்டையைக் கையில் வைத்திருந்தால் ஓர் அட்டை முடியச் சராசரியாக 3 வாரம். அதே வேகத்தில் 4 மட்டும் வைத்திருந்தால் ஒன்பது, பத்து நாள். லிட்டில் விதி சொல்வது இந்த வகுத்தல் கணக்குத்தான். ஓர் அட்டை இரண்டு நாள் வேலைக்கு மேல் போகக் கூடாது. ‘மென்பொருள் அமைத்தல்’ என்று ஓர் அட்டை எழுதினால் அது மாதக் கணக்கில் அசையாது. சம்பளக் கூறுகளைப் பதிவது, விடுப்பு விதி, பே ஸ்லிப் வடிவம் என்று உடைக்க வேண்டும்.

பெரும்பாலும் கெடுவது ‘காத்திருப்பு’ப் பத்தியில். வாடிக்கையாளரிடம் கேட்டாயிற்று என்று அட்டையை அங்கே தள்ளிவிட்டு அடுத்ததைத் தொடங்குவார்கள். வரம்பு பேருக்குத்தான் இருக்கும். காத்திருப்பையும் வரம்புக் கணக்கில் சேருங்கள். அட்டையில் கேட்ட தேதி, மறுபடி போன் செய்யும் தேதி இரண்டையும் எழுதுங்கள்.

கான்ட் சார்ட்டை முழுக்கத் தள்ளவும் முடியாது. சம்பள ஒத்திகை மாதம் ஒருமுறைதான் வரும், தவறினால் ஒரு மாதம் போச்சு. ஏப்ரலில் தொடங்குவது நல்லது; நிதியாண்டு புதிது என்பதால் முந்தைய மாதச் சம்பளம், டிடிஎஸ் விவரங்களை ஏற்ற வேண்டியதில்லை. அப்படியானால் பிப்ரவரி, மார்ச் சம்பளத்தைப் பழைய முறையோடு சேர்த்து இரட்டையாகப் போட்டுப் பார்க்க வேண்டும்; ஊழியர் விவரம் ஜனவரி கடைசிக்குள் கைக்கு வர வேண்டும். இப்படிப் பின்னோக்கி எண்ணிய மூன்று நான்கு தேதிகளைப் பலகையின் தலைப்பில் எழுதினால் போதும், முப்பது வரி வேண்டாம்.

பத்துப் பேருக்கு மேல், இரண்டு கிளைகள் என்றால் சுவர்ப் பலகை தாங்குமா என்பதில் எனக்கு அவ்வளவு உறுதியில்லை. அங்கே கான்ட் சார்ட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை ஒதுக்க முடிந்தால், கணக்கு மாறலாம்.