சீலிட்ட கவரா, கருப்படித்த நகலா?

வேலையை விட்டுப் போன மேலாளர் விலைப்பட்டியலையும் கையோடு கொண்டுபோய்விட்டார் என்று பம்ப் தயாரிக்கும் கட்சிக்காரர் ஒருவர் வந்தார். தடை உத்தரவு வாங்க அந்தப் பட்டியலைக் கோர்ட்டில் காட்டியாக வேண்டும். மேலாளரின் புது முதலாளியும் வழக்கில் பிரதிவாதி. கோர்ட்டில் தாக்கல் செய்யும் ஆவணத் தொகுப்பில் (டைப்ட் செட்) சேர்த்து எதிர்த்தரப்புக்கும் நகல் கொடுத்தால், போட்டிக்காரருக்கு நாமே விலையைக் கொடுத்த கதைதான்.

சீலிட்ட கவர், அதாவது நீதிபதி மட்டும் பார்க்கும்படி உறையிலிட்டுக் கொடுப்பது, சுலபம். ஒரு மனு, ஒரு உறை, முடிந்தது. கட்சிக்காரருக்கும் அதுதான் பிடித்தது. ஆனால் வாங்கிய தடை நிற்க வேண்டுமே! தடையை நீக்கக் கோரி வரும் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியே, “நான் பார்க்காத தாளுக்கு எப்படிப் பதில் சொல்வது?” என்பதாகத்தான் இருக்கும். முன்னாள் அமைச்சர் எஸ்.பி. வேலுமணி வழக்கில் உறையில் இருந்த விசாரணை அறிக்கையை அவருக்குக் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2022 மே மாதம். 2023 ஏப்ரலில் மீடியாஒன் என்ற மலையாளச் செய்தி சேனலின் வழக்கில் இன்னும் கறார்: ரகசியமான பகுதியை மட்டும் மறைத்துவிட்டுச் சுருக்கம் கொடுக்கும் வழி இருக்கும்போது உறை எதற்கு என்கிற ரீதியில் போனது தீர்ப்பு. இரண்டிலும் எதிரே இருந்தது அரசு. தனியார் வழக்குக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மேல்முறையீட்டில் இடிக்கப்போகிற இடம் அதுதான்.

அதனால் கருப்படித்த நகல். வாடிக்கையாளர் பெயர், விலை, தள்ளுபடி ஆகிய மூன்று பத்திகளை மட்டும் மறைத்தோம். முழுப் பட்டியல் கோர்ட்டுக்கும், உறுதிமொழி கொடுத்த எதிர்த்தரப்பு வக்கீல்களின் பார்வைக்கும். டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2018 ஒரிஜினல் சைடு (அங்கேயே நேரடியாகத் தொடுக்கும் வழக்குகளுக்கான) விதிகளில் இதற்கு மாதிரியே உண்டு: தரப்புக்கு மூன்று வெளி வக்கீல்கள், இரண்டு வெளி நிபுணர்கள். ஆனாலும் இது முழு அரண் இல்லை. எதிர்த்தரப்பு நிறுவனத்தின் சொந்த ஆட்களை அடியோடு வெளியே நிறுத்த அதே கோர்ட் 2020இல் இன்டர்டிஜிட்டல் - ஷாவ்மி காப்புரிமை வழக்கில் மறுத்தது.

வேலையும் அதிகம். பிரமாண வாக்குமூலம், பதிலுரை என்று ஒவ்வொன்றிலும் அதே மூன்று விவரத்தைத் தேடி மறைக்க வேண்டும். ஜூனியர் பிடிஎஃப்பில் அழகாகக் கருப்புக் கட்டம் போட்டிருந்தார். காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினேன், விலை மொத்தமும் வந்து விழுந்தது! 2019இல் அமெரிக்காவில், டிரம்ப்பின் பிரசாரத் தலைவராக இருந்த மானஃபோர்ட்டின் வக்கீல்கள் மாட்டியதும் இப்படித்தான். இப்போது மறைத்ததை அச்செடுத்து, திரும்ப ஸ்கேன் செய்தே இ-ஃபைலிங்.

எங்கள் வழக்கு இன்னும் சாட்சி விசாரணைக்கு வரவில்லை. கூண்டில் விலையை வாய்விட்டுச் சொல்லாமல் இருக்க, பட்டியலுக்கு வரிசை எண் போட்டு வைத்திருக்கிறோம். “வரிசை 14ஐப் பாருங்கள்” என்று கேட்டு ஓட்டிவிடலாம் என்பது சீனியரின் கணக்கு.