திருமலை உப்புக்காற்றில் ஒரு ஸ்டீரியோ: சில வருடப் பாவனைக்குப் பிறகு

யமஹா ஏ-எஸ்301 அம்ப் (ஆம்ப்ளிஃபயர்), வார்ஃபடேல் டயமண்ட் வரிசையில் ஒரு சோடி சிறிய ஸ்பீக்கர், ஒரு பழைய சீடி பிளேயர். எல்லாம் கொரோனாவுக்கு முன்பே வாங்கியவை. திருகோணமலை உப்புவெளியில் கடலுக்குக் கிட்டத்தான் வீடு, அநேகமாக ஒவ்வொரு இரவும் ஏதாவது ஓடும். வாங்கின கிழமையே எழுதுகிற விமர்சனங்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, அந்த நேரம் எதைப் போட்டாலும் இனிமையாகத்தான் கேட்கும். நாலைந்து மாரி மழையையும் நடு ஆண்டில் வீசுகிற வறண்ட கச்சான் காற்றையும் தாண்டின பிறகு சாமான் எப்படி இருக்கிறது என்பதுதான் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரிய வேண்டியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்பும் ஸ்பீக்கரும் இன்னும் முதல் நாள் போலப் பாடுகின்றன, திரும்ப வாங்குவதென்றாலும் இவற்றைத்தான் வாங்குவேன். ஆனால் இதற்கு மேலே காசு போட நினைப்பவர்கள் முதலில் பாட்டின் நல்ல பதிப்பைத் தேடுங்கள், அறையைச் சரி பாருங்கள். காதுக்குத் தெரிகிற வித்தியாசத்தில் பெரும்பங்கு அங்கேதான் கிடக்கிறது.

யமஹாவில் எனக்கு உயிரான விஷயம் லௌட்னெஸ் குமிழ். சத்தம் குறையக் குறைய நம் காது பாஸையும் மேல் பகுதியையும் முதலில் இழந்துவிடும், பாட்டு ஒடுங்கிப்போய்க் கேட்கும். பல அம்ப்களில் லௌட்னெஸ் ஒரு பொத்தான்தான், போட்டால் பாஸ் எகிறும், எடுத்தால் ஒன்றும் இல்லை. இதில் குமிழைப் படிப்படியாகத் திருப்பலாம், திருப்பத் திருப்ப நடுப்பகுதி இறங்கும், பாஸும் மேல் பகுதியும் அமுங்காமல் நிற்கும். இரவில் வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு குமிழுக்காகவே இந்த அம்பைச் சொல்வேன். பக்கத்துக்கு 60 வாட், சாதாரண அறைக்குத் தாராளம். இசைத்தட்டுக்கு ஃபோனோ வாசலும் கணினியிலிருந்து ஒப்டிக்கல் வயர் செருகும் இடமும் உள்ளேயே இருப்பதால் டிஜிட்டலை ஒலியாக மாற்றுகிற டிஏசி பெட்டி தனியாகத் தேவைப்படவில்லை.

இனி உப்பு. ஸ்பீக்கர் வயரின் நுனியை உரித்து முறுக்கி அப்படியே செருகி விட்டால் ஒரு மாரி போதும், செம்பில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். பாட்டு முற்றாக நின்றுபோனால் உடனே கவனிப்போம், ஆனால் அது நிற்காது. ஒரு பக்கம் மெல்ல மெல்ல மங்கும், நடுவில் நின்று பாடியவர் கொஞ்சம் விலகி நிற்பது போல இருக்கும், நாம் சீடியைச் சந்தேகிப்போம், பதிவைச் சந்தேகிப்போம், கடைசியில் பார்த்தால் அரை அங்குலச் செம்புதான் காரணம். நான் வருடம் ஒருமுறை, மாரி முடிந்ததும், கருத்த நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக உரித்து, பொன்முலாம் பூசின பனானா ப்ளக்கில் இறுக்கிவிடுகிறேன். பிளேயரையும் அம்பையும் இணைக்கிற ஆர்சிஏ வயர் முனைகளை ஐசோப்ரொபில் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடைத்து, செருகி எடுத்துச் செருகி எடுத்து நாலைந்து தரம் சுழற்றினால் தை மாதத்தில் ஒரு புது ஸ்டீரியோ வாங்கின மாதிரி இருக்கும். சீடி பிளேயர் (பெயர் வேண்டாம்) மட்டும்தான் தாக்குப்பிடிக்கவில்லை, லென்ஸ் மங்கித் தட்டுகளைத் தாண்டத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு இருக்கிற சீடிகளை எல்லாம் கணினியில் ஃபிளாக் கோப்பாக ஏற்றி ஒப்டிக்கல் வழியாகக் கேட்கிறேன். ஃபிளாக் சீடியில் உள்ளதில் ஒரு பிட்டைக்கூட விடாது, இடம் மட்டும் குறையும்.

பழைய ஸ்பீக்கர் தேடுகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். வூஃபரின் (பாஸ் தருகிற பெரிய கூம்பின்) சுற்று விளிம்பு ஃபோமா ரப்பரா? ஃபோம் இந்த ஈரத்தில் சில வருடத்தில் உதிர்ந்துவிடும், விரலால் மெதுவாகத் தொட்டாலே துகளாக வரும். ரப்பர் விளிம்பு என்றால் யோசிக்காமல் வாங்கலாம். 2020க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது உதிரிப்பாகம் கிடைக்காமல் எத்தனையோ நல்ல பெட்டிகள் மூலையில் கிடந்தன.

கரண்ட் விஷயம் சுருக்கமாக. 2022 பங்குனியில் 13 மணி நேரம் வரை வெட்டின காலத்தில் வயர் வைத்த இயர்ஃபோனில்தான் கேட்டோம். கரண்ட் திரும்பி வருகிற அந்த நொடிதான் ஆபத்து, அதனால் போனவுடனேயே ப்ளக்கைக் கழற்றிவிடுங்கள்.

அறை. எங்கள் வீடுகளில் சீமெந்துத் தரை, பூசின சுவர், யன்னல் கண்ணாடி, எல்லாம் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். கை தட்டிப் பாருங்கள், ஒரு சின்ன உலோக நடுக்கம் கேட்டால் உங்கள் வயலின்களும் அப்படித்தான் கேட்கின்றன. நான் செய்தது: ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டு அடி முன்னே இழுத்தேன், ட்வீட்டர் (மேல் பகுதியைத் தருகிற சின்னக் கூம்பு) காது மட்டத்துக்கு வருமாறு உயர்த்தினேன், முன்னால் தரையில் இரண்டு பன்பாய், பின்சுவரில் புத்தக அலுமாரி, யன்னலுக்குத் தடித்த சீலை. செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. மின்விசிறிதான் தீராத பிரச்சினை. கச்சான் வீசுகிற மாதங்களில் அதை நிறுத்தவும் முடியாது, ஓடவிட்டால் தம்புரா அதற்குள் கரைந்துவிடும். அந்த மாதங்களில் நான் திரைப்பாட்டு கேட்பேன், ஆலாபனையைப் பெய்கிற காலத்துக்கு வைத்துக்கொள்வேன்.

போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் நாங்கள் சிலர் கூடுவோம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணை, ஃபோன் திருத்துகிற தம்பி ஒருவன், சங்கீத ரீச்சர் ஒருவர். ஆளுக்கு ஓர் அல்பம் கொண்டுவர வேண்டும். இதுவரை எங்கள் அறையில் ஸ்பீக்கரின் உண்மையைக் காட்டியவற்றில் முதலாவது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’, 1986. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் ஜே.எஸ். பாக்குக்கும் சமர்ப்பித்த அல்பம். வி.எஸ். நரசிம்மனின் வயலின் தனியாக எழும்போது வில் நரம்பில் பிடிக்கிற அந்த உரசல் கேட்க வேண்டும், பின்னால் வாத்தியக்குழு சேரும்போது அது மூழ்கவும் கூடாது. மலிவான ப்ளூடூத் பெட்டியில் இரண்டும் ஒன்றாகக் குழைந்துவிடும். இரண்டு வருடம் கழித்து வந்த ‘நத்திங் பட் விண்ட்’ எங்கள் ரீச்சரின் தெரிவு, புல்லாங்குழலில் ஹரிபிரசாத் சௌரசியா மூச்சு வாங்குகிற இடங்களுக்காகவே. 2005இல் வந்த ‘திருவாசகம்’ புடாபெஸ்ட் வாத்தியக்குழுவோடு செய்தது, மெல்லிய இடத்துக்கும் உச்சத்துக்கும் நடுவில் அவ்வளவு தூரம், அதை விசிறி ஓடும்போது போடவே வேண்டாம். பாஸுக்கு ஏ.ஆர். ரஹ்மானின் ‘ரோஜா’ (1992). ஆண் குரலுக்குக் கர்நாடக சங்கீதப் பாடகர் எம்.டி. ராமநாதன், அவ்வளவு தாழ்ந்த சுருதியில் குரல் பெட்டிக்குள் இருந்து முழங்கினால் ஸ்பீக்கர் சரியில்லை, எதிரில் ஒருவர் உட்கார்ந்து பாடுவது போல இருந்தால் சரி. பழைய மோனோ பதிவுதானே என்று ஒதுக்காதீர்கள்.

தம்பி ஒருநாள், “அண்ணை, 24 பிட் 192 போடுங்கோ, அப்பதான் வித்தியாசம் தெரியும்” என்றான், சீடியின் 16 பிட் 44.1ஐ விட உயர்ந்த தரக் கோப்பு அது. சரி, போட்டுப் பார்த்தோம். ஒரே பாட்டின் உயர்தரக் கோப்பையும் அதிலிருந்து நாங்களே இறக்கின சீடித் தரத்தையும், எது எது என்று தெரியாமல், சத்தத்தை ஒரே அளவாக வைத்து. எங்களில் யாராலும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சீடியின் 44.1 கிலோஹேர்ட்ஸ் 22 கிலோஹேர்ட்ஸ் வரை பிடிக்கும், இளம் காது கேட்பதே 20 வரைதான், 16 பிட்டில் மிக மெல்லிய சத்தத்துக்கும் உச்சத்துக்கும் நடுவில் 96 டெசிபல் இடைவெளி இருக்கிறது, விசிறி ஓடுகிற அறையில் அதில் பாதியை அனுபவித்தாலே பெரிய விஷயம். அதேநாள் எண்பதுகளின் ஒரு படப்பாட்டை ஒரு பழைய சீடியிலும், பிறகு வந்த ஒரு தொகுப்பிலும் போட்டோம். அதற்கு யாருக்கும் இரண்டாம் தரம் தேவைப்படவில்லை. தொகுப்பில் எல்லாவற்றையும் உச்சத்துக்குத் தூக்கி வைத்திருந்தார்கள், ட்ரம் அடி ஒவ்வொன்றும் தட்டையாகி, பாடகியின் குரலும் தபேலாவும் ஒரே தளத்தில் நின்றன. பழைய சீடி சத்தம் குறைவு, ஆனால் வால்யூமைக் கூட்டினதும் அறை திறந்தது. ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்துவது இதனால்தான் முக்கியம், சமப்படுத்தாவிட்டால் சத்தம் கூடினதுதான் எப்போதும் வெல்லும். ஃபோனில் இருக்கிற டெசிபல் செயலியே இதற்குப் போதும்.

அண்ணை கசெட் ஆள். அந்த நாளில் றெக்கோடிங் பாரில் (பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடையில்) துண்டுக் காகிதத்தில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து, அறுபது நிமிட நாடாவே வேண்டும், தொண்ணூறு மெல்லிசு, இழுபடும் என்று சண்டை பிடித்து வாங்கினவர். இரைச்சல் அவரை இன்றுவரை தொந்தரவு செய்ததில்லை. அதில் எனக்கும் அவர் பக்கம்தான் மனம். நாடாவிலிருந்து கணினிக்கு ஏற்றுகிறவர்கள் இரைச்சலை நீக்குகிறோம் என்று மென்பொருளை முழுசாகத் திருப்பி விடுகிறார்கள், இரைச்சலோடு தம்புராவும் போய்விடுகிறது, கார்வையின் (சுரம் நீண்டு நிற்கிற ஓசையின்) வால் வெட்டுப்பட்டு ஒவ்வொரு சுரமும் நீருக்குள் முடிகிறது. இரைச்சலுக்கு ஐந்து நிமிடத்தில் காது பழகிவிடும், போன கார்வை திரும்ப வராது.

இது எனக்கு அதிகம் வலிப்பது தவிலில். பத்திரகாளி அம்மன் கோயில் வீதியில் நாதஸ்வர தவில் சமா (கச்சேரி) வைக்கும்போது மைக் இல்லாமல் நேரில் கேட்டு வளர்ந்த காது எங்களுடையது. வலந்தலையில் (வலப்பக்கத்தில்) கூடு போட்ட விரல்கள் விழுவது ஒரு சத்தம், தொப்பியில் (இடப்பக்கத்தில்) கழி விழுவது வேறு சத்தம், அது காதுக்கு வருமுன் நெஞ்சுக்கு வரும். என் ஸ்பீக்கரில் நெஞ்சுக்கு வருவது பாதிதான், சின்ன வூஃபர் அவ்வளவுதான் செய்யும், அதில் குறை இல்லை. ஆனால் 1975இல் நாம் இழந்த யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் வாசிப்பை இணையத்தில் தேடினால் வருவது பெரும்பாலும் பலமுறை சுருக்கின கோப்பு, விரலடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு மங்கலான உருளலாகக் கிடக்கிறது. அவர் எத்தனை நுணுக்கமாகச் சொற்களைப் பிரித்து வாசித்தார் என்பதே அதில் தெரியாது.

அதனால் ஒரு கேள்வி. திருமலையிலோ யாழ்ப்பாணத்திலோ வெளிநாட்டிலோ, யாருடைய வீட்டு அலுமாரியிலாவது அவருடைய வாசிப்பு முதல் பிரதி நாடாவாகவோ ஸ்பூலாகவோ இருந்தால், தயவுசெய்து இரைச்சல் நீக்காமல், 16 பிட் ஃபிளாக்காக ஏற்றிக் கொடுங்கள். ஏற்றுவதற்கு ஆள் இல்லை என்றால் நல்ல டெக் அண்ணையிடம் இருக்கிறது, ஹெட் துடைத்துத் தயாராக வைத்திருக்கிறார்.